நோபலுக்கு மிக அருகில்.. ஆனால் கையில் நல்ல பிளேட் இல்லை! யார் இந்த பிபா சவுத்ரி?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நின்று உள்ளங்கையை நீட்டினால், நொடிக்கு ஒன்றாவது ஒரு துகள் அதைத் துளைத்துக்கொண்டு போகும். வலிக்காது, கண்ணுக்கும் தெரியாது. அதன் பெயர் மியூவான். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் தலைக்கு மேலே காற்றில் மோதும்போது பிறக்கும் துகள் இது.

இப்படிப்பட்ட துகள்களை 1940-களின் தொடக்கத்திலேயே போட்டோ பிளேட்டில் பிடித்து, அவற்றின் எடையைக் கணக்குப் போட்டவர் ஒரு இந்தியப் பெண். அவர்தான் பிபா சவுத்ரி. அதே வழியில் போன பிரிட்டன் விஞ்ஞானி ஒருவருக்கு 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போ பிபாவுக்கு ஏன் கிடைக்கவில்லை?

யார் இந்த பிபா?

1913-ல் கொல்கத்தாவில் பிறந்தவர். கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1936-ல் இயற்பியல் எம்.எஸ்சி முடித்தார். அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். அடுத்து, விஞ்ஞானி டி.எம்.போஸிடம் ஆய்வு மாணவியாகச் சேரப் போனார். பெண்களுக்குக் கொடுக்கும்படி தன்னிடம் ஆய்வு எதுவும் இல்லை என்று போஸ் முதலில் தயங்கியதாகச் சொல்வார்கள். பிபா விடவில்லை. கடைசியில் இருவரும் சேர்ந்து செய்த வேலைதான் இன்றுவரை பேசப்படுகிறது.

போட்டோ பிளேட்டில் துகள் எப்படி மாட்டும்?

கேமராவில் பிலிம் வருவதற்கு முன்பு கண்ணாடி பிளேட்தான். அதன்மேல் வெள்ளி புரோமைடு துகள்கள் கலந்த ஜெலட்டின் பூசியிருப்பார்கள். வெளிச்சம் பட்டால் அந்த வெள்ளி புரோமைடு மாறும். மின்சுமை உள்ள ஒரு துகள் துளைத்துக்கொண்டு போனாலும் மாறும். பிளேட்டைக் கழுவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், துகள் போன பாதை கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, பாதை எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து அதன் எடையைக் கணிக்கலாம்.

இதில் பெரிய வசதி, செலவு குறைவு. மின்சாரம் வேண்டாம், பெரிய மெஷின் வேண்டாம். மலைமேல் கொண்டுபோய் வைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தால் போதும். ஏன் மலை? கடல் மட்டத்துக்கு வருவதற்குள் பல துகள்கள் சிதைந்துவிடும். உயரம் கூடக் கூட அதிகம் மாட்டும். அதனால் டார்ஜிலிங்கிலும், சுமார் 12,000 அடி உயரமுள்ள சந்தக்பூவிலும் பிளேட்டுகளை வைத்தார்கள்.

1940 முதல் 1942 வரை இவர்களின் முடிவுகள் நேச்சர் இதழில் வெளிவந்தன. எலக்ட்ரானைவிட சுமார் 200 மடங்கு எடையுள்ள துகள் என்று கணித்திருந்தார்கள். இன்று நமக்குத் தெரிந்த மியூவானின் எடை 207 மடங்கு. அவ்ளோ நெருக்கம்!

சரி, எங்கே தடுக்கியது?

அங்கே இருந்தது ஒரு துகள் அல்ல, இரண்டு. ஒன்று மியூவான். இன்னொன்று, அதைவிடக் கொஞ்சம் கனமான பையான். பையான் சிதைந்துதான் மியூவான் பிறக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டுபவருக்குத்தான் பெரிய வெற்றி.

அதற்கு இன்னும் கூர்மையாகப் பதியும் பிளேட் தேவை. பிபாவிடம் இருந்ததோ ‘ஹாஃப் டோன்’ ரகம். அடுத்த தரமான ‘ஃபுல் டோன்’ பிளேட்டை வாங்க முயன்றபோது இரண்டாம் உலகப்போர். வெளிநாட்டுச் சரக்கு வரவில்லை. அதோடு அந்த ஆய்வு நின்றது.

போர் முடிந்ததும் பிரிட்டனின் பிரிஸ்டலில் செசில் பவல் குழு அதே வேலையை எடுத்தது. இங்கேதான் முக்கியமான வித்தியாசம். அவர்கள் கடையில் கிடைத்த பிளேட்டோடு நிற்கவில்லை. இல்ஃபோர்டு என்ற போட்டோ நிறுவனம், வெள்ளி புரோமைடு பல மடங்கு அதிகமுள்ள புது ரகப் பூச்சையே துகள் ஆய்வுக்காகத் தயாரித்துக் கொடுத்தது. 1947-ல் பையான் மியூவானாக மாறும் தடம் அதில் தெளிவாகப் பதிந்தது. 1950-ல் பவலுக்கு நோபல். போஸ், பிபா இருவரின் வேலை தங்களுக்கு முன்பே வந்தது என்பதை பவல் தன் புத்தகத்தில் பதிவு செய்தார்.

அதற்கப்புறம் பிபா என்ன செய்தார்?

பிபா 1945-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போய் பேட்ரிக் பிளாக்கெட்டின் ஆய்வகத்தில் சேர்ந்தார். காஸ்மிக் கதிர் மழை பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினார். அந்த பிளாக்கெட்டுக்கும் 1948-ல் நோபல்! 1949-ல் ஹோமி பாபா அவரை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார். அங்கே முதல் பெண் ஆராய்ச்சியாளர் பிபாதான். பிறகு அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம். தமிழ்த் தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்து வெட்டிய கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நடந்த துகள் ஆய்விலும் அவருக்குப் பங்கு உண்டு.

இத்தனைக்கும் நாட்டின் பெரிய அறிவியல் கழகங்கள் எதுவும் அவரைத் தங்கள் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. கடைசிவரை ஆய்வை விடாத பிபா 1991-ல் காலமானார்.

இப்போ நிலைமை எப்படி?

போட்டோ பிளேட்டின் இடத்தில் இன்று வேறு கருவிகள். துகள் பட்டால் மினுங்கும் சிண்டிலேட்டர் என்ற பிளாஸ்டிக், அந்தச் சிறு மினுக்கலை மின்சாரமாக மாற்றும் ஒளி உணரி, இரண்டும் ஜோடி. வெளியே வாங்கினால் விலை அதிகம். ஊட்டியில் இருக்கும் கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வகம் இதற்கு ஒரு வழி செய்தது. தனக்கு வேண்டிய சிண்டிலேட்டர் பிளாஸ்டிக்கை அங்கேயே குறைந்த செலவில் தயாரித்துக்கொள்கிறது. ஒரு பிளேட்டுக்காக பிபா காத்திருந்த மாதிரி, அந்தப் பொருளுக்காக அங்கே யாரும் கப்பலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

2018-ல் ரஜிந்தர் சிங், சுப்ரகாஷ் ராய் இருவரும் பிபாவின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார்கள். அதற்குப் பிறகுதான் பலருக்கும் இந்தப் பெயரே தெரிந்தது. 2019-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் ஒரு நட்சத்திரத்துக்குப் பெயர் வைக்கும் வாய்ப்பை இந்தியாவுக்குக் கொடுத்தது. எச்டி 86081 என்று வெறும் எண்ணாக இருந்த அந்த நட்சத்திரத்தின் பெயர் இப்போது ‘பிபா’.