கிண்டிக்குப் போன லலிதா

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துச் செல்லங்களே! உங்கள் பள்ளிக் கணினி அறையில் மவுஸ் யார் கையில் இருக்கிறது? நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் மூன்று பேருக்கு ஒரு கணினி. பையன்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள். பெண் பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். பல நாள் நானும் அதைக் கவனிக்காமல் விட்டேன், என் தப்புதான். அப்போது எனக்கு லலிதாவின் கதை தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே உட்கார்ந்து சொல்லியிருப்பேன்.

ஏ. லலிதா 1919-இல் சென்னையில், தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தார். 15 வயதிலேயே திருமணம். 18 வயதில் கணவர் இறந்துவிட்டார். மடியில் நான்கு மாதப் பெண் குழந்தை! கணவனை இழந்த பெண் வீட்டு மூலையில் முடங்க வேண்டும் என்று ஊர் சொன்ன காலம் அது. லலிதாவோ மறுபடி புத்தகத்தைக் கையில் எடுத்தார். ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் படித்து, முதல் வகுப்பில் தேறினார்.

அடுத்து டாக்டருக்குப் படிக்கலாமா? நடுராத்திரியிலும் ஓட வேண்டிய வேலையாயிற்றே, குழந்தையை யார் பார்ப்பது? அதனால் பொறியியல் என்று முடிவு செய்தார். அப்பா சுப்பாராவ் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். ஆனால், அங்கே மாணவிகளே கிடையாது! அப்பா, முதல்வர் சாக்கோவிடம் பேசினார். 1940-இல் இடம் கிடைத்தது.

கல்லூரி முழுக்க ஆண்கள். விடுதியில் ஒரே பெண். வாரக் கடைசியில்தான் குழந்தையைப் பார்க்க முடியும். மகள் தனியாகத் தவிப்பதைக் கண்ட அப்பா, மீண்டும் முதல்வரிடம் போனார். பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் வந்தது. லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்ற இருவர் கட்டடப் பொறியியல் படிக்க வந்து சேர்ந்தார்கள். (திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரே ஆனார்!) மூவரும் 1943-இல் படிப்பை முடித்தார்கள். சான்றிதழில் ஆணைக் குறிக்கும் 'அவர்' என்ற ஆங்கிலச் சொல்தான் அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டு, பெண்ணைக் குறிக்கும் சொல்லைப் பேனாவால் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்த 1943-க்குச் சரியாக நூறு ஆண்டு முன்னால், 1843-இல், ஒரு கணக்கிடும் எந்திரத்துக்கான படிமுறையை எழுதி வெளியிட்டவர் இங்கிலாந்தின் ஏடா லவ்லேஸ். கணினி நிரல் எழுதிய முதல் ஆள் என்று பலரும் சொல்வது அவரைத்தான். அவரும் பெண்தான், பார்த்தீர்களா?

லலிதா பீகாரின் ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி பெற்றார். சிம்லாவில் வேலை பார்த்தார். 1948-இல் கல்கத்தாவில் ஒரு மின்கருவி நிறுவனத்தில் சேர்ந்தார். ஊருக்கு வெளியே கம்பி வேலிக்குள் துணை மின்நிலையம் பார்த்திருப்பீர்கள். அதில் எந்தக் கருவி எங்கே நிற்க வேண்டும், கம்பி எப்படிப் போக வேண்டும் என்று வரைந்து தருவதுதான் அவர் வேலை. பக்ரா நங்கல் அணையின் மின்சாரத்துக்கும் அவர் வரைந்திருக்கிறார். இந்தியாவின் முதல் கணினி 1955-இல் வந்து இறங்கியதும் அதே கல்கத்தாவில்தான்.

1964-இல் நியூயார்க்கில் நடந்த, உலகப் பெண் பொறியாளர்களின் முதல் மாநாட்டுக்கும் போய் வந்தார். 1979-இல், 60 வயதில் காலமானார்.

அவர் படித்த கல்லூரி இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கணினி அறிவியலும் அங்கே சொல்லித் தருகிறார்கள். பெரம்பலூரில் பஸ் ஏறினால் ஐந்தாறு மணி நேரம்தான்.