வேற்றுமையில் உறவு தேடிய கால்டுவெல்

'ஊருக்குப் போறேன்' என்று நாம் தினமும் சொல்கிறோம். அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'கு' என்ற சின்ன உருபை நின்று யோசித்தவர் நம்மில் எத்தனை பேர்? அயர்லாந்தில் பிறந்த ஒருவர் அதைப் பல்லாண்டு யோசித்தார். அவர்தான் டாக்டர் கால்டுவெல்.

1814 மே 7-ல் பிறந்து, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்த அவர், 1838-ல் சமயப் பணிக்காகச் சென்னைக்கு வந்தார். 1841-ல் அங்கிருந்து நீலகிரி வழியாக நடந்தே திருநெல்வேலிச் சீமைக்கு வந்து சேர்ந்தார். நம்ம கரிசலுக்குத் தெற்கே, தேரிமண் சூழ்ந்த இடையன்குடியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

அங்கிருந்து அவர் உருவாக்கிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-ல் வெளிவந்தது. தமிழ் வடமொழியிலிருந்து பிறந்ததல்ல என்பதற்கு வேற்றுமை உருபுகளையும் அவர் சான்றாக்கினார். வடமொழியில் ராமனுக்கு என்பது 'ராமாய'. பல ராமர்களுக்கு என்றால் 'ராமேப்ய' என்று உருபே மாறிவிடும். தமிழிலோ வீட்டுக்கு, வீடுகளுக்கு என இரண்டிலும் அதே 'கு'தான். பன்மை விகுதி தனி, வேற்றுமை உருபு தனி.

இதே அமைப்பைத் துருக்கிய மொழிகளிலும் அவர் கண்டார். இன்றைய உஸ்பெக் மொழியைப் பாருங்கள். 'உய்' என்றால் வீடு, 'உய்லார்' வீடுகள், 'உய்லாரிம்' என் வீடுகள், 'உய்லாரிம்கா' என் வீடுகளுக்கு. மாட்டுவண்டியில் மூட்டை அடுக்குகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக உருபுகள்! நம் 'கு'வும் அவர்கள் 'கா'வும் ஒலியிலும் நெருங்கி நிற்கின்றன. ஒரு வித்தியாசம் உண்டு. 'என்' என்ற உடைமையை நாம் முன்னால் வைக்கிறோம், அவர்கள் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறார்கள். பழந்தமிழின் எந்தை, நுந்தை என்ற முறைப்பெயர்களிலும் உடைமை முன்னால்தான் நிற்கிறது.

இந்த ஒற்றுமைகளை வைத்து, துருக்கி, பின்னிய மொழிகளை உள்ளடக்கிய 'சித்தியக்' கூட்டத்தோடு தமிழுக்கு உறவு இருக்கலாம் என்று அவர் கருதினார். இன்றைய மொழியியலார் அதை ஏற்பதில்லை. உருபுகளை வரிசையாக ஒட்டும் பழக்கம் உறவில்லாத மொழிகளிலும் உண்டு. ஓரிரு உருபுகள் ஒலியில் ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சாட்சி ஆகாது. ஆனால் திராவிடம் தனிக் குடும்பம் என்ற அவர் முடிவு நிலைத்தது. 1816-லேயே எல்லிஸ் அதைச் சொல்லியிருந்தார் என்றாலும், விரிவாக நிறுவியவர் கால்டுவெல்தான்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். 1849-ல் நம் வட்டாரச் சமூகம் ஒன்றைப் பற்றி அவர் எழுதிய நூல் அந்த மக்களின் மனதை ஆழமாகப் புண்படுத்தியது. இலக்கணப் புகழ் அதை மறைத்துவிடாது.

1877-ல் பிஷப் ஆனார். 1881-ல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதினார். பாளையக்காரர் போர்களைச் சொல்லும் அந்நூலில் நம்ம நாகலாபுரம் பாளையமும் வருகிறது. 1891 ஆகஸ்ட் 28-ல் கொடைக்கானலில் காலமானார். உடல் இடையன்குடிக்கே கொண்டுவரப்பட்டு, அவர் கட்டிய தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1968-ல் சென்னைக் கடற்கரையில் சிலையும் எழுந்தது.

மாணவச் செல்வங்களே, இலக்கண வகுப்பில் நான்காம் வேற்றுமை வரும்போது தூக்கம் வந்தால், இந்த மனிதரை ஒருதரம் நினைத்துக்கொள்ளுங்கள். நாம் பேசும் பேச்சிலேயே ஆராய்ச்சிக்குப் பொருள் கிடக்கிறது. அதைக் கவனிக்கக் காது இருந்தால் போதும்.