தாவரவியல் அறிஞர் டாக்டர் இராபர்ட் வைட் (1796 – 1872)

நமது ஜமாஅத்தைச் சேர்ந்த பிள்ளைகளுள் மருந்தியல் பட்டப்படிப்பு பயில்வோர் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். அவர்கள் தம் பாடநூலில் மருதமரப் பட்டையைப் பற்றிய பக்கத்தைத் திறந்தால், டெர்மினாலியா அர்ஜுனா என்னும் அறிவியற் பெயரை அடுத்து வைட், ஆர்ன். என்னும் இரு சொற்கள் அச்சாகியிருக்கக் காண்பர். நஞ்சறுப்பான் கொடியின் பழைய அறிவியற் பெயரான டைலோஃபோரா ஆஸ்த்மாட்டிகாவை அடுத்தும் அவையே நிற்கும். தேர்வுக்காக மனனம் செய்யும் மாணவர் பலர் அவற்றை விட்டுவிடுவர். விடாது மனனம் செய்வோரும் அவை யாருடைய பெயர்கள் என்று வினவுவதில்லை.

இரண்டாவது பெயருக்குரியவர் வாக்கர் ஆர்னட் என்னும் ஸ்காட்லாந்து தாவரவியலாளர். முதற்பெயருக்குரியவர் டாக்டர் இராபர்ட் வைட். கொடைக்கானல் என்றொரு நகரம் தோன்றுவதற்கு முன்பே பழனி மலைமீது ஏறிச் செடி கொடிகளை ஆராய்ந்தவர் அவர். தென்னாட்டுத் தாவரங்களை அறிய விரும்பும் எவரும் அவருடைய நூல்களைத் தொடாமல் கடந்து செல்ல இயலாது.

வைட் 1796ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகச் சென்னை மாகாணம் வந்து சேர்ந்தார். அக்காலத்தில் மருத்துவக் கல்வியின் ஓர் அங்கமாகவே தாவரவியல் விளங்கியது. மருந்துகளிற் பெரும்பாலானவை வேரும் பட்டையும் இலையுமாக இருந்தமையால், செடியை அறியாதவர் மருத்துவராக இயங்க முடியாது. ஆயினும் அவர் கற்றவை ஐரோப்பியச் செடிகள். இங்கே அவர் கண்ணெதிரே நின்றவற்றிற் பலவற்றுக்கு நூல்களில் பெயரே இல்லை. இருந்த பெருநூல்களோ விலை மிகுந்தவை. ஊர் ஊராக மாற்றப்படும் ஒரு படை மருத்துவரின் கைக்கு எட்டாதவை. ஆகவே தாமே உள்ளூர் மக்களை அமர்த்திச் செடிகளைச் சேகரித்து, உலர்த்தித் தாளில் ஒட்டி, குறிப்பெழுதி வைக்கத் தொடங்கினார்.

1826இல் சென்னை அரசின் இயற்கையியலாளர் பதவி அவருக்குக் கிட்டியது. இரண்டே ஆண்டுகளில், சிக்கனத்தைக் காரணம் காட்டி அப்பதவியையே அரசு நீக்கிவிட்டது. அரசுகளுக்குச் சிக்கனம் தோன்றும்போது முதலில் கத்தரிக்கப்படுவது அறிவுத்துறைதான் என்பது அன்றும் மெய்யாகவே இருந்திருக்கிறது. வைட் மீண்டும் படை மருத்துவராக நாகப்பட்டினம் அனுப்பப்பட்டார். சோர்ந்துவிடாது, அங்கிருந்தபடியே கிளாஸ்கோவில் இருந்த பேராசிரியர் ஹூக்கருக்குச் செடிகளையும் ஓவியங்களையும் அனுப்பிவந்தார். 1831இல் நீண்ட விடுப்பில் தாயகம் சென்றபோது, உலர்தாவரங்களைப் பெருங்குவியலாக உடன் கொண்டு சென்றார். அவற்றை வைத்து ஆர்னட்டுடன் சேர்ந்து எழுதிய தென்னிந்தியத் தாவர நூலின் முதற்பகுதி 1834இல் வெளிவந்தது. மருதமரத்திற்கு இன்று வழங்கும் பெயர் அந்நூலில் நிலைபெற்றதாகும்.

அந்நூலுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதற்கு முன்பு லின்னேயஸ் வகுத்த முறைப்படி, மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையைக் கொண்டே செடிகளை அடுக்கி வந்தனர். வைட்டும் ஆர்னட்டும் பூ, கனி, விதை முதலிய பல உறுப்புகளின் ஒற்றுமையைக் கொண்டு இயற்கையான குடும்பங்களாக இந்தியத் தாவரங்களை வகுத்துக் காட்டினர். மருந்தியல் மாணவர்க்கு இதன் பயன் நேரடியானது. ஒரு குடும்பத்துச் செடிகள் பெரும்பாலும் ஒத்த வேதிப்பொருள்களைக் கொண்டிருக்கும். குடும்பம் தெரிந்தால் எதைத் தேட வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டும் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

பழனி மலைப் பயணம்

1834இல் இந்தியா திரும்பிய வைட், சில காலம் பாளையங்கோட்டையில் பணிபுரிந்தார். குற்றாலச் சாரலின் தாவர வளத்தை ஆராய்ந்தது அப்போதுதான். 1836இல் அவர் வருவாய்த்துறைக்கு மாற்றப்பட்டார். பருத்தி, புகையிலை, நிலாவாரை முதலிய விளைபொருள்களைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை தருவது அவருக்கு இடப்பட்ட பணி. நிலாவாரை என்பது வேறொன்றுமன்று. நம் இல்லங்களில் சனா மக்கி என்று அறியப்படும் அதே மலமிளக்கி இலைதான். அரபு நாட்டு விதையிலிருந்து திருநெல்வேலிச் சீமையில் பயிராகி, திருநெல்வேலி சென்னா என்ற பெயருடன் உலக மருந்து நூல்களில் இன்றும் அது இடம்பெற்றுள்ளது.

அதே 1836ஆம் ஆண்டிலேயே வைட் பழனி மலைக்குச் சென்றார். இன்று பேருந்தில் வளைவுகளைக் கடந்து கொடைக்கானல் ஏறும் நாம் அன்றைய நிலையை எண்ணிப் பார்ப்பது கடினம். ஏரி இல்லை, அது 1863இல் உருவாக்கப்பட்டது. அமெரிக்கப் பாதிரிமார் வீடு கட்டிக் குடியேறியதும் 1845இல்தான். செண்பகனூருக்கு அருகில் ஆங்கிலேய அதிகாரிகள் 1834இல் கட்டிய சிறு பங்களா ஒன்று மட்டுமே இருந்தது. மலைக்கிராம மக்களோ தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வந்தனர். வைட் மலைவாழைக்குப் பெயர்பெற்ற விருப்பாட்சி வழியாக மேலேறி, செண்பகனூர் வழியாகப் பெரியகுளம், தேவதானப்பட்டிப் பக்கம் இறங்கினார்.

அவ்வழியில் ஏறும் ஒருவர் ஒரே பயணத்தில் பல நாடுகளைக் கடப்பதற்கு ஒப்பான மாற்றத்தைக் காணலாம். அடிவாரத்தில் முட்புதர்களும் ஆவாரையும். அதற்கு மேல் கோடையில் இலையுதிர்க்கும் காடுகள். உச்சியில் ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில் புல்வெளிகளும், அவற்றின் மடிப்புகளில் ஒதுங்கி நிற்கும் பசுமைமாறாச் சோலைகளும். மழை, குளிர், மண் ஆகியவை மாறமாறச் செடியும் மாறுகிறது. செடியினுள் ஊறும் மருந்துப் பொருளும் மாறுகிறது. வைட் தாம் கண்டவற்றை 1837இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஆராய்ச்சி இதழில் பதிவு செய்தார். பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய தொடக்ககாலக் குறிப்புகளில் அது முதன்மையானது.

இரு ஓவியர்கள்

வைட்டின் பெயரை நிலைநிறுத்தியது 1838 முதல் 1853 வரை அவர் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட இந்தியத் தாவரப் படங்களின் பெருநூல். அதில் 2,101 படங்கள் உள்ளன. வண்ணம் தீட்டினால் விலை ஏறும் என்பதால் அவை கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களாகவே அச்சிடப்பட்டன. கல்லச்சுக் கலையை அவர் தாமே கற்றுக்கொண்டு சென்னையிலேயே அச்சேற்றினார். இந்தியாவில் பணியாற்றும் ஒரு சாதாரண மருத்துவரும் வாங்கத்தக்கதாக அந்நூல் இருக்க வேண்டுமென்பதே அவர் நோக்கம்.

அப்படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர்கள் இருவர். முதலில் ரங்கையாவும், அவருக்குப் பின் கோவிந்துவும் வைட்டிடம் பணிபுரிந்தனர். ஒரு படத்தில் இலையும் பூவும் கொண்ட கிளை நடுவே இருக்கும். அதன் கீழே பிளந்த பூ, மகரந்தத் தாள், குறுக்கே அறுத்த சூலகம், விதை ஆகியவை பெரிதாக்கிக் காட்டப்பட்டிருக்கும். உருப்பெருக்கியில் கண்டதைக் கைநடுக்கமின்றித் தாளில் இறக்கிய அவ்விருவரின் வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்திகள் மிகக் குறைவு. வைட் நன்றி மறக்கவில்லை. ஆர்க்கிட் இனம் ஒன்றுக்குக் கோவிந்துவின் பெயரால் கோவிந்தூயியா என்று பெயரிட்டார். பின்வந்த ஆய்வாளர்கள் அதனை வேறோர் இனத்துடன் சேர்த்துவிட்டதால், அப்பெயர் இன்று வழக்கில் இல்லை. ஓவியங்களின் அருமையை உணர்த்தும் விரிவான ஆய்வுநூலை எடின்பரோ தாவரப் பூங்காவின் ஹென்றி நோல்டி 2007இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்.

ஒரு செடிக்குப் பெயரிடுவதில் இத்தனை உழைப்பு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் தோன்றி டமாஸ்கஸில் 1248இல் மறைந்த மருந்தியல் மேதை இப்னுல் பைத்தார், ஊர்தோறும் சென்று செடிகளை நேரிற்கண்டு, ஒவ்வொன்றுக்கும் பல மொழிகளில் வழங்கும் பெயர்களைத் திரட்டி எழுதியதும் இதே காரணத்துக்காகத்தான். பெயர் குழம்பினால் மருந்து நஞ்சாகும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைப்பதற்காகச் சீன மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. சீன மொழியில் ஒத்த பெயருடைய இரு வேர்களில், ஸ்டெஃபானியாவுக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா கலந்துவிட்டதே காரணம். பாதிக்கப்பட்டோர் தொகை நூறைத் தாண்டியது; அவர்களுட் சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் கண்டது. நம் நாட்டுச் சந்தையிலும் வெண்மருதம் பட்டை கேட்டால் கருமருதம் பட்டை கலந்து வருவதுண்டு. தூளாக்கிய பின் கண்ணால் வேறுபடுத்துவது அரிது. நுண்ணோக்கியும் வேதிச் சோதனையும் தேவைப்படும்.

வைட் பெயரிட்ட செடிகளுள் ஒன்றன் கதையை இங்கே குறிப்பிடாதிருக்க முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளில் வளரும் ஒரு சிறுமரத்தை, அதன் பூவின் துர்நாற்றம் கருதி, துர்நாற்றமுடையது என்று பொருள்படும் ஃபீடிடஸ் என்னும் சொல்லை அடைமொழியாக்கி அவர் விவரித்தார். நூறாண்டுக்கும் மேலாக அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1966இல் அமெரிக்க ஆய்வாளர்களான வாலும் வானியும் சீன மரமொன்றிலிருந்து கேம்ப்டோதெசின் என்னும் புற்றுநோய் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்தனர். 1972இல் முனைவர் கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும் அதே பொருள் வைட்டின் நாற்றமரத்திலும் இருப்பதை அறிவித்தனர். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கியவர். சீன மரமும் நம் மரமும் வெவ்வேறு குடும்பத்தவை என்பது வியப்புக்குரியது. குடும்பத்தைக் கொண்டு வேதிப்பொருளை ஊகிக்கலாம் என்று முன்னர்ச் சொன்ன விதிக்கு இது ஒரு விலக்கு.

உயிரணு பெருகும்போது மரபிழையின் முறுக்கைத் தளர்த்தும் டோப்போஐசோமரேஸ் நொதியைச் செயலற்றதாக்குவதன் மூலம் கேம்ப்டோதெசின் புற்றணுக்களை அழிக்கிறது. அதிலிருந்து உருவான டோப்போடெக்கான், இரினோடெக்கான் ஆகிய மருந்துகளுக்கு 1996இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சூலகம், பெருங்குடல் முதலிய உறுப்புகளின் புற்றுநோய்க்கு அவை பயன்படுகின்றன. மருந்தின் தேவை பெருகியதும் மலைகளில் அம்மரம் கணக்கின்றி வெட்டப்பட்டது. அதன் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்து, இன்று காப்பாற்றப்பட வேண்டியவற்றின் வரிசையில் அது நிற்கிறது.

அம்மரத்தை மாணவர்கள் நூல்களில் தேடும்போது ஒரு சிக்கல் எழும். பழைய ஆய்வுகளில் மேப்பியா ஃபீடிடா என்றிருக்கும். பின்னர் நோத்தபோடைட்டஸ் ஃபீடிடா. இப்போது நோத்தபோடைட்டஸ் நிம்மோனியானா. வைட்டுக்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1839இல், பம்பாயைச் சேர்ந்த கிரஹாம் அம்மரத்தைத் தவறான இனத்தில் வைத்து நிம்மோனியானா என்று குறித்துவிட்டார். முந்தியதற்கே உரிமை என்பது பெயரிடல் விதி. ஆகவே வைட் வைத்த சொல் விலகிற்று. மூன்று பெயர்களையும் அறியாதவர் 1972ஆம் ஆண்டு ஆய்வைக் கண்டெடுக்கவே முடியாது.

வைட்டின் பிற்காலம் கோயம்புத்தூரில் கழிந்தது. 1842 முதல் அமெரிக்கப் பருத்தியை இங்கே பயிரிடும் அரசுத் திட்டத்தை அவர் மேற்பார்வையிட்டார். அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அவ்வேலைக்கிடையிலும் படநூலை அவர் நிறுத்தவில்லை. 1853இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்று, ரெடிங் நகருக்கு அருகில் பண்ணை வாங்கி வாழ்ந்தார். 110 புதிய பேரினங்களையும் 1,267 புதிய சிற்றினங்களையும் அவர் விவரித்ததாகக் கணக்கிட்டுள்ளனர். தம் உலர்தாவரச் சேகரிப்பை 1871இல் கியூ தாவரப் பூங்காவுக்கு அளித்துவிட்டு, அடுத்த ஆண்டு மே 26ஆம் நாள் காலமானார்.

அவருடைய படநூலின் ஆறு தொகுதிகளும் இப்போது இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பழனி மலைச் செடிகளை மட்டும் தனியே அறிய விரும்புவோர், அருட்தந்தை மாத்யூ 1999இல் வெளியிட்ட பழனி மலைத் தாவர நூலைப் பார்க்கலாம். அவர் பணியாற்றிய ராப்பினாட் உலர்தாவரகம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் உள்ளது. தாளில் ஒட்டிய செடியையும், அதன் ஓரத்தில் இடம், நாள், உயரம் ஆகியவை எழுதப்பட்டிருக்கும் முறையையும் மருந்தியல் மாணவர்கள் ஒரு முறையேனும் நேரிற் காண்பது நலம்.