டயான் ஃபாஸி விரும்பாத விருந்தாளிகள் நாம்

போன ஞாயிற்றுக்கிழமை கபோ சந்தைப் பக்கம் இருக்கிற எங்கட ஆக்களின் கடைக்கு மீன் குழம்புச் சாமான் வாங்கப் போனேன். அடுத்த வருடம் ருவாண்டாவுக்கு மலைக் கொரில்லா பார்க்கப் போகிற யோசனை இருக்கு என்று பேச்சுவாக்கில் சொன்னதும் கல்லாவில் இருந்த அண்ணை சிரித்துவிட்டார். குரங்கு பார்க்கவோ தம்பி இவ்வளவு காசு, ஊருக்குப் போனால் மாமரத்தில் ஓசியிலேயே பார்க்கலாமே என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ருவாண்டாவில் அனுமதிச் சீட்டு மட்டும் ஆளுக்கு 1,500 டாலர். உகாண்டாவில் 800. அதற்குக் கிடைப்பது கொரில்லாக்களோடு ஒரு மணி நேரம்தான். விமானம், தங்குமிடம் எல்லாம் தனி. பலெர்மோவில் வீட்டு வேலை, ஹோட்டல் வேலை செய்யும் பலருக்கு அந்தச் சீட்டே ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். இவ்வளவு காசு ஏன், யாருக்குப் போகிறது என்று தேடிப் படித்தேன். கடைசியில் வந்து நின்றது டயான் ஃபாஸி என்ற பெண்ணின் வாழ்க்கையில்.

1932 இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். மிருக வைத்தியம் படிக்கும் ஆசையில் கல்லூரிக்குப் போனார். வேதியியலும் இயற்பியலும் காலை வாரிவிட்டன. இஞ்சினியரிங்கில் அரியர் வைத்த என்னைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் ஆறுதல்! பிறகு வேறு படிப்புக்கு மாறி, கென்டக்கியில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தார்.

1963 இல் சேமிப்பைத் துடைத்து, கடனும் வாங்கி ஆப்பிரிக்காவுக்கு ஒரு சுற்றுலா போனார். அதாவது, அவரும் முதலில் நம்மைப் போல ஒரு டூரிஸ்ட்தான். அந்தப் பயணத்தில்தான் கொங்கோவின் மலைக்காட்டில் கொரில்லாக்களை முதன்முதலாகப் பார்த்தார். தொல்லியல் ஆய்வாளர் லூயிஸ் லீக்கியையும் சந்தித்தார். மூன்று வருடம் கழித்து லீக்கி அவரைக் கொரில்லா ஆய்வுக்கு அழைத்தார். காட்டுக்குப் போகும் முன் குடல்வாலை எடுத்துவிட வேண்டும் என்றார். ஃபாஸி உண்மையிலேயே ஆபரேஷன் செய்துகொண்டார். மன உறுதியைப் பார்க்கத்தான் அப்படிச் சொன்னேன் என்று பிறகு லீக்கியிடமிருந்து கடிதம் வந்தது.

1967 இல் கொங்கோவில் வேலையைத் தொடங்கி ஆறேழு மாதத்தில் கலவரம் வந்தது. சிப்பாய்கள் அவரை மலையிலிருந்து இறக்கினார்கள். உகாண்டாவுக்குத் தப்பி ஓடி, அதே வருடம் செப்டம்பர் 24 அன்று எல்லைக்கு அடுத்த பக்கம், ருவாண்டாவில் இரண்டு கூடாரத்தோடு மறுபடி தொடங்கினார். கரிசிம்பி, விசோகே என்ற இரண்டு எரிமலைகளின் பெயரைச் சேர்த்து அந்த முகாமுக்குக் கரிசோகே என்று பெயர் வைத்தார். சுமார் 3,000 மீட்டர் உயரம். குளிர், மழை, சேறு.

அங்கே அவர் செய்தது பொறுமையான வேலை. கொரில்லா மாதிரி குனிந்து நடந்தார், இலை மென்றார், உடம்பைச் சொறிந்தார், அவற்றின் சத்தத்தைப் பழகினார். ஒவ்வொன்றின் மூக்கு வரியையும் வரைந்துவைத்து ஆள் அடையாளம் கண்டார். மெல்ல மெல்ல அவை அவரை ஏற்றுக்கொண்டன. பிறகு கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமும் வாங்கினார்.

விரல் சேதப்பட்ட ஒரு இளம் ஆண் கொரில்லாவுக்கு டிஜிட் என்று பெயர் வைத்திருந்தார். ருவாண்டா சுற்றுலாத் துறை அதன் படத்தையே போஸ்டராகப் போட்டு உலகத்தை அழைத்தது. 1977 டிசம்பர் 31 அன்று வேட்டைக்காரர்கள் டிஜிட்டைக் கொன்று, தலையையும் கைகளையும் வெட்டிக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு ஃபாஸி நடத்தியது ஆய்வு அல்ல, யுத்தம். டிஜிட் பெயரில் நிதி திரட்டினார், ஆட்களை வைத்துக் கண்ணிகளை அறுத்தார். அதோடு நிற்கவில்லை. பிடிபட்ட வேட்டைக்காரர்களை அடித்தார், முகமூடி போட்டுப் பயமுறுத்தினார், காட்டுக்குள் வந்த மாடுகளைச் சுட்டார். அந்தக் கண்ணிகளில் பெரும்பாலானவை மான் பிடிக்க வைத்தவை. அதில் கொரில்லாவின் கையும் மாட்டும். வைத்தவர்கள் அடிவாரத்து ஏழைகள். சுற்றுலாப் பயணிகளையும் அவருக்குப் பிடிக்காது. கூட்டம் வந்தால் நோய் வரும், காட்டின் அமைதி போகும் என்பது அவர் பயம்.

1985 டிசம்பர் கடைசி வாரத்தில் முகாமில் தன் குடிசைக்குள் வெட்டிக் கொல்லப்பட்டார். 54 வயதாக இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவருடைய உதவி ஆய்வாளரான ஒரு அமெரிக்கரை ருவாண்டா நீதிமன்றம் அவர் நாட்டில் இல்லாதபோதே குற்றவாளி என்றது. அந்தத் தீர்ப்பை இன்றுவரை பலர் நம்பவில்லை. டிஜிட்டின் பக்கத்திலேயே ஃபாஸியைப் புதைத்தார்கள்.

அவர் காலத்தில் விருங்கா மலைகளில் கொரில்லாக்கள் 250 அளவுக்குக் குறைந்திருந்தன. இன்று விருங்காவும் உகாண்டாவின் பிவிண்டியும் சேர்ந்து 1,000க்கு மேல். 2018 இல் அவை அழிவின் விளிம்பு என்ற பட்டியலிலிருந்து ஒரு படி மேலே வந்தன. இதில் பெரிய பங்கு அவர் வெறுத்த சுற்றுலாவுக்கு உண்டு. 1979 இல் வேறு சில ஆய்வாளர்கள் தொடங்கிய திட்டம் அது. இன்று ருவாண்டாவில் பூங்கா வருமானத்தில் 10 சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது. காவலர், வழிகாட்டி, சுமை தூக்குபவர் எல்லாரும் உள்ளூர் ஆட்கள். 1994 இனப்படுகொலைக் காலத்தில் கரிசோகே முகாமே அழிந்தபோதும், முடிந்தபோதெல்லாம் காட்டுக்குள் போய்க் கொரில்லாக்களைப் பார்த்துக்கொண்டது அந்த மக்கள்தான்.

அப்படியென்றால் ஃபாஸி செய்தது தவறா? என் பார்வையில் பாதி சரி, பாதி தவறு. அவர் இல்லாவிட்டால் காப்பாற்ற கொரில்லாவே மிஞ்சியிருக்காது. மனிதனைக் கண்டு ஓடாமல் கொரில்லாவைப் பழக்கலாம் என்று காட்டியவரும் அவர்தான். இன்றைய சுற்றுலா நிற்பதே அந்தப் பழக்கத்தில்தான். ஆனால் 18 வருடம் அந்த மலையில் வாழ்ந்தும் அடிவாரத்து மனிதர்களை எதிரியாகவே பார்த்தார். வேற்று ஊரில் வாழ்கிற நமக்கு இது புரிய வேண்டும். பலெர்மோவில் எங்கட ஆக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சாந்தா ரோசாலியாவைக் கும்பிடப் பெல்லெக்ரினோ மலை ஏறுகிறார்கள். இந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஏறுவதால்தான் அது எங்கட மலையும் ஆனது.

நான் போகத்தான் போகிறேன். நீங்களும் யோசித்தால் சில விஷயங்கள். ஒரு கொரில்லாக் கூட்டத்தைப் பார்க்க நாளைக்கு எட்டுப் பேருக்குத்தான் அனுமதி, அதனால் பல மாதம் முன்பே சீட்டு எடுங்கள். 15 வயதுக்குக் கீழ் பிள்ளைகளை விடமாட்டார்கள். தடிமன், காய்ச்சல் இருந்தால் காசு போனாலும் பரவாயில்லை, மலை ஏறாதீர்கள். நம்முடைய சளி அவற்றைக் கொல்லும். இந்த விஷயத்தில் ஃபாஸி பயந்தது சரிதான். சுமை தூக்க ஒரு உள்ளூர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பை எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

இன்னொரு நாள் ஒதுக்கினால் பழைய கரிசோகேவுக்கும் ஏறலாம். அவருடைய கல்லறையும் டிஜிட்டின் கல்லறையும் அங்கேதான் இருக்கின்றன. அதற்கும் சேர்த்துத்தான் நான் இப்போது பெல்லெக்ரினோவில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். கடை அண்ணையிடம் இந்தக் கதையைச் சொன்னேன். திரும்பி வந்ததும் படம் காட்டச் சொல்லியிருக்கிறார்.