அப்துஸ் ஸலாம்

சாஸ்திரத்தைக் காக்க விரும்பும் ஏழை நாட்டு விஞ்ஞானி, தாய்நாட்டைத் துறந்தே ஆகவேண்டுமா? 1926-ல் பிறந்து ஜங் நகரில் வளர்ந்த பௌதிக சாஸ்திரி அப்துஸ் ஸலாமின் வாழ்க்கையே இதற்கு விடை.

கேம்பிரிட்ஜில் பயின்று 1951-ல் லாகூர் திரும்பிய அவருக்கு, ஆராய்ச்சியைப் பற்றிக் கலந்து பேசவும் துணையில்லை. 1954-ல் மனம் நொந்து மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்றார்.

தாம் பட்ட துயரம் பிறர் படலாகாதெனக் கருதி, 1964-ல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் சர்வதேசப் பௌதிக நிலையத்தை ஸ்தாபித்தார். வளரும் நாட்டு விஞ்ஞானிகள் தம் உத்தியோகத்தை விடாமலே, சில ஆண்டுகளுக்குள் மும்முறை அங்கு சென்று ஆராய்ச்சி செய்து திரும்பலாம். பிரயாணச் செலவை நிலையமே ஏற்கும்.

1979-ல் நோபல் பரிசு பெற்ற ஸலாம் 1996-ல் காலமானார்.

பிரயாணச் சீட்டு அற்ப விஷயமென்பாரும் உளர். திரும்பிவரும் சீட்டில்லாத தேசம் தன் விஞ்ஞானியையே இழக்கும் என்போம் நாம்.