மக்கள் மொழியில் வாழ்ந்த மறைசாட்சி

அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தில், ஒகார்ச்சி என்னும் சிற்றூரின் உழவர் குடும்பத்தில், 1935 மார்ச் 27ஆம் நாள் பிறந்தவர் ஸ்டான்லி பிரான்சிஸ் ரோதர். மண்ணும் எந்திரமும் பழகிய அவருக்கு ஏட்டுக்கல்வி எளிதில் வசப்படவில்லை. குருத்துவப் படிப்பில் இலத்தீன் மொழி பெருந்தடையாக நின்றது. முதலில் பயின்ற குருமடம் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. மனந்தளராது வேறொரு குருமடத்தில் பயின்று, 1963இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

1968இல் மறைப்பணிக்காகக் குவாத்தமாலா நாட்டுக்குச் சென்றார். எரிமலைகள் சூழ்ந்த அதித்லான் ஏரியின் கரையில் அமைந்த சாந்தியாகோ அதித்லான், மாயா இனத்தின் ஒரு கிளையினரான சூதுஹில் மக்களின் ஊர். நாட்டின் ஆட்சிமொழி ஸ்பானியம். வீட்டிலும் வயலிலும் அம்மக்கள் பேசியதோ தம் தாய்மொழியாகிய சூதுஹில். இலத்தீனில் இடறிய அருட்தந்தை, ஸ்பானியத்தோடு இம்மொழியையும் முயன்று கற்றார். அதிலேயே திருப்பலி நிறைவேற்றினார். புதிய ஏற்பாட்டை அம்மொழியில் பெயர்க்கும் பணிக்கும் துணை நின்றார்.

மக்களோடு நிலத்தில் உழைத்தார். பழுதான வண்டிகளைத் தாமே சீர்செய்தார். குடிசைகளில் அமர்ந்து அவர்கள் உணவைப் பகிர்ந்துண்டார். மறைப்பணி நிலையம் எழுத்தறிவும் மருத்துவ உதவியும் அளித்தது. அதன் முயற்சியில் எழுந்த வானொலி அம்மக்களின் மொழியில் ஒலித்தது. ஸ்டான்லி என்ற பெயருக்கு அம்மொழியில் நிகரில்லை. ஆகவே பிரான்சிஸ் என்பதற்கு நேரான அப்லாஸ் என்னும் பெயரால் மக்கள் அவரை அழைத்தனர். அந்நியராய் வந்தவர் அம்மொழிக்குள் ஒரு பெயர் பெற்றார்.

குவாத்தமாலாவில் 1960இல் மூண்ட உள்நாட்டுப் போர் 1996 வரை நீடித்தது. 1980இல் ஊரருகே படை முகாமிட்டது. எளியோர் எழுதப் படிக்கக் கற்பதும் ஒன்றுகூடிப் பேசுவதும் ஐயத்துக்குரிய செயல்களாயின. வேதியர்கள் கடத்தப்பட்டனர், பலர் மீளவில்லை. உறவினரை இழந்த குடும்பங்களுக்கு அருட்தந்தையே ஆதரவாக நின்றார். கொல்லப்பட வேண்டியோர் பட்டியலில் அவர் பெயரும் இடம்பெற்றதால், 1981 சனவரியில் தாய்நாடு திரும்ப நேர்ந்தது. அங்கே உயிருக்கு அச்சமில்லை. ஆயினும் உள்ளத்துக்கு அமைதியில்லை. இடருற்ற வேளையில் மந்தையை விட்டு ஓடுதல் மேய்ப்பனுக்குத் தகாது என்று தெளிந்து, புனித வாரத்துக்குத் தம் மக்களிடமே மீண்டார்.

1981 சூலை 28, நள்ளிரவு கடந்த வேளை. ஆயுதம் தாங்கிய மூவர் குரு இல்லத்துள் நுழைந்தனர். கடத்திச் செல்ல இடங்கொடாமல் அவர் போராடினார். குரல் எழுப்பினால் அங்கே உறங்கிய ஏனையோருக்கும் ஆபத்து நேரும் என்பதால், உதவி கேட்டு அழைக்கவில்லை. தலையில் சுடப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 46.

உடல் பிறந்த ஊருக்கு அனுப்பப்பட்டது. அவருடைய இதயம் மட்டும், மக்கள் வேண்டியவாறே, சாந்தியாகோ அதித்லான் ஆலயத்தில் வைக்கப்பட்டது. திருஅவை 2016இல் அவரை மறைசாட்சியாக ஏற்று, 2017 செப்டம்பர் 23 அன்று அருளாளர் நிலைக்கு உயர்த்தியது. அதற்கு நெடுங்காலம் முன்னரே, ஏரிக்கரை மக்கள் அவரைத் தம்முள் ஒருவராக ஏற்றிருந்தனர்.