கே.பி. சுந்தராம்பாள்: வேடம் மாறியும் மாறாத குரல்

கே.பி. சுந்தராம்பாள் என்றதும் நம் கண்முன் நிற்பவர், நெற்றி நிறையத் திருநீறணிந்து கோலூன்றி வரும் ஔவையார்தான். அந்த ஔவைக்கு முன்னரே அவர் மேடையில் சிறுவனாகவும் திரையில் நந்தனாராகவும் வாழ்ந்து காட்டியவர்.

1908-ஆம் ஆண்டு ஈரோட்டுக்கு அருகிலுள்ள கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் இரயிலில் பாடிக் காசு பெற்றவர். அந்தக் குரல்தான் அவரை வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்த்தது. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் மகனாக நடித்தார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கடைசியில் அமர்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்க வேண்டும். உச்ச சுருதியில் கணீரென்று பாடக்கூடியவர்களே அன்று மேடையில் நிலைக்க முடிந்தது.

இலங்கைக்கு நாடகம் நடிக்கச் சென்றபோது எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்தார். 1927-இல் இருவரும் மணந்து கொண்டனர். 1933-இல் கிட்டப்பா இளம் வயதிலேயே காலமானார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைப் புடவை உடுத்தி மேடையை விட்டு விலகினார். எந்த நடிகருடனும் இனி ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். அந்த உறுதிக்கு இடம் தந்த படம்தான் 1935-இல் வெளிவந்த நந்தனார். அதில் அவருக்கு ஆண் வேடம். ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய்! அந்நாளில் அது எவரும் நினைத்துப் பார்க்காத தொகை.

இவருடைய வாழ்க்கையை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவள் நான். படிவம் நான்கில், மலாய் இசை நாடகம் ஒன்றுக்கு நடிகர் தேர்வு நடந்தது. கடைக்காரப் பாட்டி வேடத்துக்குப் பெயர் கொடுத்தேன். பாடி முடித்ததும், இந்தியர் பேசுவதுபோல் நாக்கைச் சுழற்றிப் பேசிக் காட்டச் சொன்னார்கள். மண்டபம் சிரிப்பதற்குத் தயாராக இருந்தது. நான் எப்போதும் பேசும் மலாயிலேயே, நாள் முழுதும் நின்று வியாபாரம் செய்தவளின் களைப்பை மட்டும் சேர்த்துப் பேசினேன். வேடம் வேறொருவருக்குப் போனது. எனக்குக் கூட்டுப்பாடலில் ஓர் இடம் கிடைத்தது.

அதன் பிறகுதான் 1953-இல் ஜெமினி நிறுவனம் எடுத்த ஔவையார் படத்தைக் கவனித்துப் பார்த்தேன். சுந்தராம்பாளுக்கு அப்போது 45 வயதுகூட நிறைந்திருக்காது. ஆனால் முதுமையைக் காட்டக் குரலை நடுங்க வைக்கவில்லை. நடையிலும் பார்வையிலும் நிதானத்திலும் மூதாட்டி தெரிகிறார். பாடும்போதோ பழைய மேடைக் குரலே எழுகிறது. 1965-இல் திருவிளையாடல் படத்தில் மீண்டும் ஔவையாக வந்தபோதும் அதே கம்பீரம். அந்த ஔவையைக் கண்டு எவரும் சிரிக்கவில்லை; கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1980-இல் மறைந்தார்.

நண்பர்களே, நம் பேரவையின் மேடையிலும் வெளி மேடைகளிலும் நாம் பல வேடங்கள் ஏற்கப் போகிறோம். ஒரு பாத்திரத்துக்காகக் குரலை மாற்றுவதில் தவறில்லை. ஆனால் அந்தக் குரல் பாத்திரத்தின் துயரத்தைச் சொல்கிறதா, அவருடைய இனத்தைக் கேலி செய்கிறதா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். இரயிலில் பாடிய கொடுமுடிச் சிறுமியின் வாழ்க்கை எனக்குக் கற்றுத் தந்த பாடம் இதுவே.